சோம்பேறிக் கையின் இருபத்திரண்டாம் நாள்

ஊழியர்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று ஜெனீவாவில் உள்ள எங்கள் தலைமை அலுவலகம் சென்ற வசந்தத்தில் முடிவு செய்தது. ஆளுக்கு ஒரு ரப்பர் பட்டை கொடுத்து, ஒரு மாதம் கையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று அது எண்ணும். மாத முடிவில் பட்டியலை உணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். முதலிடம் சில்வானுக்கு: பதினேழாயிரம் அடி. அவன் பிரான்ஸ்காரன், தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவன். கடைசி இடம் எனக்கு: ஆயிரத்து நூற்று நாற்பது. எனக்கு முந்தைய இடத்தில் இருந்தவருக்குக் காலில் மாவுக்கட்டு.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். பதவி உயர்வு வந்தது.

என் பெயர் யானிக் மெலான், வயது இருபத்து நான்கு. லெ சாந்தியே என்ற மலைப் பள்ளத்தாக்கு ஊரில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கடிகாரக் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் மெத்தை, மெத்தைமேல் கடிகாரம், கடிகாரத்துக்கு அடியில் பதினோரு மொழிகளில் ஒரு கையேடு. இதற்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், அந்தப் பட்டியலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கொரின் கீஞார் என் மேஜைக்கு வந்தார். கம்பெனியின் தலைமைக் கடிகார வடிவமைப்பாளர். ஐம்பத்தொரு வயது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. அவற்றில் ஏழு வருடத் தூக்கம் அப்படியே பத்திரமாக இருந்தது.

"யானிக் யாரு?"

"நான்தான் மேடம்."

"எந்திரிக்காத. அப்படியே இரு." சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல என்னைச் சுற்றிவந்து பார்த்தார். "வீட்ல நாய் இருக்கா?"

"இல்ல."

"தோட்டம்?"

"இல்ல மேடம்."

"பொண்ணு?"

"இருந்தா. மலை ஏறுவா. ஏறினவ எறங்கி வரல. அங்கயே ஒருத்தனப் பாத்துட்டா."

"நல்லதாப் போச்சு. பனிச்சறுக்கு?"

"டிவில பாப்பேன்."

அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு நம்பிக்கை தெரிந்தது. "எந்தக் கையால வேலை செய்வ?"

"எடது கை. எழுதறது, சாப்பிடறது எல்லாமே எடதுதான்."

"அப்ப சும்மா கெடக்கற கை வலது. நீட்டு."

நீட்டினேன். அதில் ஒரு கடிகாரத்தை மாட்டினார். அதுவரை நான் ஆயிரக்கணக்கான கடிகாரங்களைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒன்றுகூட என்னைத் தொட்டதில்லை.

நடுவில் நம் ஊர் நேரம். அதைச் சுற்றி இருபத்து நான்கு மணி எழுதிய ஒரு வளையம். அதற்கும் வெளியே இருபத்து நான்கு ஊர்ப் பெயர்கள், பொடி எழுத்தில். டோக்கியோவுக்கு நேராக என்ன எண் இருக்கிறதோ அதுதான் டோக்கியோவில் மணி. பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் உலகம் ஓர் ஊர் நகரும். ஒரு பார்வையில் இருபத்து நான்கு இடத்தில் யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். விலை அறுபத்தோராயிரம் பிராங்க்.

இத்தனை ஊர்களை இழுத்துச் சுற்றுவதிலேயே கடிகாரத்தின் பாதி உயிர் போய்விடுகிறது என்பதுதான் கொரினின் ஏழு வருடப் பிரச்சினை. இதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. கை அசைந்தால் உள்ளே ஒரு தங்க அரைவட்டம் சுழன்று சுருள்வில்லை முறுக்கும். கை அசையாவிட்டால் இரண்டரை நாள், கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், பிறகு நிற்கும். இதை வாங்குகிறவரோ அசைகிற ஆள் இல்லை. கதவு திறக்க ஒருவர், பெட்டி தூக்க ஒருவர், மற்ற நேரம் விமானத்தில் படுக்கை. ஆகவே விற்பதற்கு முன், கொஞ்சமும் அசையாத ஒரு கையில் முப்பது நாள் கட்டிப் பார்த்துவிட வேண்டும். அத்தனை வசதி ஒன்றும் இல்லாமலேயே அந்தப் பணக்காரர்கள் அளவுக்கு அசையாமல் இருக்கிற ஒரே ஆள், எங்கள் பள்ளத்தாக்கில் நான்தான்.

கடிகாரத்தின் திருகில் ஒரு துளி சிவப்பு அரக்கு வைத்து மூடினார், நான் ரகசியமாகச் சாவி கொடுத்துவிடாமல் இருக்க.

"முப்பது நாள் நிக்காம ஓடிச்சுன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்," என்றார். "செப்டம்பர் கடைசில கணக்க மூடறாங்க. அதுக்குள்ள முடியணும். இது பதினோராவது வடிவம். ஏழு வருஷமா என் தலைக்குள்ள இருபத்து நாலு ஊரு சுத்துது. அதுல ஒரு ஊருக்கும் நான் போனதில்ல. எனக்கு இது ஜெயிக்கணும்னுகூட இல்ல யானிக். முடியணும். அவ்வளவுதான்."

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"எப்பவும் போல இரு."

இதைவிடக் களைப்பான வேலை உலகத்தில் இல்லை. இயல்பாகச் சோம்பேறியாக இருப்பது சுகம். உத்தரவின்படி இயல்பாகச் சோம்பேறியாக இருக்க நாள் முழுக்கக் கவனம் வேண்டும். சோபாவில் சாய்ந்திருக்கும்போது, "இப்போது நான் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்கிறேனோ" என்று சந்தேகம் வரும். நேராக உட்கார்ந்தால் அது நடிப்பாகத் தோன்றும். ஒரு வாரத்தில் ஓய்வெடுத்தே ஓய்ந்துபோனேன்.

கம்பெனியில் எனக்கு மரியாதை கூடியது, அதாவது கேலி கூடியது. காலை ஆறே முக்காலுக்கு உள்ளே நுழைந்தால் ஐம்பத்தெட்டுப் பேருக்கும் கை கொடுத்து, "காலை வணக்கம்" சொல்லிவிட்டுத்தான் அவரவர் மேஜைக்குப் போக முடியும். அந்தக் கை ஒவ்வொன்றிலும் ஒரு கேலி இருந்தது. சில்வான் என் கையைப் பிடித்தால் விட மாட்டான்.

"என்னடா, சம்பளத்துக்குத் தூங்கறவனே. நேத்து எப்படிப் போச்சு?"

"ஓவர்டைம் பாத்தேன்."

"பாத்துடா. ரொம்ப உழைச்சா முழிச்சுக்கப் போற."

பிறகு ஏழரைக்கு கொரினிடம் போவேன். கடிகாரத்தைக் கழற்றி, அதன் துடிப்பைக் கேட்கும் ஒரு சிறு பெட்டியில் வைப்பார். திரையில் கோடு ஓடும். வில் எவ்வளவு முறுக்கோடு இருக்கிறது என்று எண்ணில் தெரியும். செவ்வாய் முதல் வெள்ளி வரை துடிப்பு பிரமாதம். திங்கட்கிழமை மட்டும் சவலைப் பிள்ளை போல இருக்கும். வந்த இரண்டு திங்களும் அப்படியே.

"திங்கக்கெழம இதுக்கும் நம்மள மாதிரியே வேலைக்கு வரப் பிடிக்கல," என்றேன்.

கொரின் சிரிக்கவில்லை. "சனி ஞாயிறு என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல."

"மத்த நாள்?"

"அப்பவும் ஒண்ணும் பண்ணல. ஆனா இங்க வந்து பண்ணல."

அவர் அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, சற்று யோசித்து, கேள்விக்குறியை அழித்தார். ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற கடிகாரத்திடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இருபத்திரண்டாம் நாள் ஒரு திங்கட்கிழமை. எங்கள் மாநிலத்தில் அன்று விரதத் திங்கள், விடுமுறை. கொள்ளைநோயும் போரும் ஒழியட்டும் என்று முன்னோர்கள் பட்டினி கிடந்த நாள். நாங்கள் அதை பிளம் பழம் பரப்பிச் சுட்ட டார்ட் சாப்பிட்டு அனுசரிக்கிறோம். ஆளுக்குக் கால்வாசி டார்ட்டாவது இறங்காவிட்டால் விரதத்தில் அக்கறை இல்லை என்று பேச்சு வரும். ஜெனீவாக்காரர்களும் இதே விரதத்தை இதே டார்ட்டோடு வைக்கிறார்கள், ஆனால் பதினோரு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை. பரிசோதனை அட்டவணையைப் போட்டது ஜெனீவா. இருபத்து நான்கு ஊரின் நேரமும் தெரிந்த கம்பெனிக்கு, ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் எங்களுக்கு என்றைக்கு லீவு என்று தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"கட்டத்தக் காலியா விட்டா பிதூ குதிப்பாரு," என்றார் கொரின் வெள்ளியன்று. முசியே பிதூ ஜெனீவாவில் இருக்கும் இயக்குநர். "மூணு மணிக்கு வீட்டுக்கு வா. பெட்டிய எடுத்துட்டுப் போறேன். அப்படியே டார்ட் சாப்பிடு."

சனிக்கிழமை படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமையின் களைப்பு தீரப் படுத்திருந்தேன். திங்களன்று பன்னிரண்டு இருபதுக்குக் கண் விழித்தேன். அதைச் சொன்னது கைபேசி. கடிகாரம் பதினொன்று நாற்பது என்றது. வினாடி முள் எட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. டோக்கியோ நின்றிருந்தது. ரியோ நின்றிருந்தது. இருபத்து நான்கு ஊரும் ஒரே நேரத்தில் கடையை மூடியிருந்தன.

கையை அப்படியே போர்வைமேல் வைத்துக்கொண்டு, அசையாமல் படுத்தபடி யோசித்தேன். யோசிக்க எனக்கு அதுதான் வசதியான நிலை.

ஒன்று, இதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு, திருகு அரக்கில் மூடியிருக்கிறது, நேரம் மாற்ற முடியாது. மூன்று, மாற்றத் தேவையே இல்லை. இதே பதினொன்று நாற்பது நாளைக்கும் வரும். சாதாரணக் கடிகாரம் என்றால் இன்றிரவே வந்துவிடும். இது இருபத்து நான்கு மணி தெரிந்த கடிகாரம், இரவு பகலை ஏமாற்ற முடியாது. நாளை காலை சரியாகப் பதினொன்று நாற்பதுக்குக் கையை ஓர் உதறு உதறினால் ஓடத் தொடங்கும். தேதி காட்டும் கடிகாரமும் இல்லை. இடையில் ஒரு நாள் காணாமல்போனது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கொரின் கையெழுத்துப் போடுவார். தூங்குவார்.

அதுவரை கை அசையக் கூடாது, அவ்வளவுதான். அதற்குத்தானே எனக்குச் சம்பளம். நாளை காலை உடம்பு சரியில்லை என்று போன் செய்துவிடலாம். இன்று மூன்று மணி மட்டும்தான் கண்டம். கொரினிடம் போய், "காய்ச்சல் மேடம், ஒட்டிக்கும், கிட்ட வராதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏழு வருடம் ஒரே கடிகாரத்தோடு இருந்தவர்.

வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்து, பேருந்தில் ஏறி, லோரியான் கிராமத்தில் இறங்கி, மெதுவாக நடந்தேன். கண்ணாடிக் குவளையைத் தலையில் வைத்திருப்பவன் போல. கதவைத் தட்டியது இடது கை. கொரின் திறந்தார். ஏப்ரனில் மாவு, கையில் மாவு.

"வா யானிக்," என்று மாவைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார்.

என் வலது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்து அவர் கையைப் பிடித்து மூன்று முறை குலுக்கியது. நான் குலுக்கவில்லை. கை குலுக்கியது. மூன்று வயதிலிருந்து அதற்குத் தெரிந்த ஒரே வேலை அது. யாராவது கை நீட்டினால் அது என்னைக் கேட்காது.

இருவரும் கீழே பார்த்தோம். வினாடி முள் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரம் பதினொன்று நாற்பது. கொரினின் சமையலறைச் சுவரில் மூன்று அடித்து முடிந்திருந்தது.

அவர் கையை விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, வேண்டுமென்றே, இன்னொரு முறை குலுக்கினார். தன் காதை என் மணிக்கட்டருகே கொண்டுவந்தார். உள்ளே அந்தத் தங்க அரைவட்டம் சுழலும் சத்தம் எனக்கே கேட்டது.

"நீ எடது கைக்காரன்," என்றார்.

"ஆமா மேடம்."

"அதான் வலது கைல கட்டினேன்."

"ஆமா."

"காலைல எத்தன பேருக்குக் கை கொடுப்ப?"

"அம்பத்தெட்டு."

"சாயங்காலம்?"

"அதே அம்பத்தெட்டு. கை கொடுக்காம எப்படிப் போறது?"

"போக முடியாது. என் மாமனாரும் அவரு தம்பியும் பதினாலு வருஷம் பேசல. ஒரு செவ்வாக்கெழம யாரோ யாருக்கோ கை கொடுக்கல." உள்ளே போய் மேஜைமேல் சிந்திக் கிடந்த மாவில் விரலால் எழுதினார். "ஆளுக்கு மூணு ஆட்டு. ஒரு நாளைக்கு முன்னூத்தி நாப்பத்தெட்டு. வலது கைல. நடக்கறது தூங்கறது எல்லாம் எழுதினோம். இத எழுதல."

"இத யாரும் அசைவுன்னு நெனக்கல மேடம்."

"மூணு இன்ஜினியருங்க அட்டவணை போட்டாங்க. என்னையும் சேத்து நாலு பேரும் தெனம் கை கொடுத்துட்டுத்தான் அந்த மீட்டிங்ல உக்காந்தோம்." நாற்காலியில் உட்கார்ந்தார். "வாங்கறவன் எடது கைல கட்டுவான். அதுக்கு எவனும் கை கொடுக்க மாட்டான். மூணாவது நாள் நின்னுடும்."

அடுப்பிலிருந்து டார்ட்டை எடுத்தேன், கருகும் வாசனை வந்ததால். இடது கையால்தான். வெட்டினேன். அவர் சாப்பிடவில்லை.

"உண்மையச் சொல்லு. நின்னுச்சுன்னு சொல்றதுக்கா வந்த?"

"இல்ல மேடம். காய்ச்சல்னு சொல்ல வந்தேன்."

திட்டத்தை முழுவதும் சொன்னேன். பதினொன்று நாற்பது, நாளை, ஓர் உதறு. திட்டுவார் என்று நினைத்தேன். ஓர் இயந்திரப் படத்தைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு சந்தேகம் கேட்டார்.

"லீவு சொல்ல எந்தக் கைல போன் பிடிப்ப?"

"எடது."

"ராத்திரி தூக்கத்துல பொரண்டா?"

"பொரள மாட்டேன் மேடம்."

"ஆமா, நீ பொரள மாட்ட." விரலில் ஒட்டிய மாவைத் தட்டினார். "நல்ல திட்டம். எங்க ஆளுங்க போட்டதுல ஒண்ணுகூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல."

எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே சிவப்பு அரக்கு, ஒரு சின்னக் குப்பி. அதை மேஜையில் டார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பழைய அரக்கைச் சுரண்டிவிட்டு, திருகை இழுத்து நேரம் வைத்து, புது அரக்கு ஒரு துளி. இரண்டு நிமிட வேலை. நாளைவரை காத்திருக்கக்கூட வேண்டாம். இது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. குப்பியை நாங்கள் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அதற்குள் டார்ட்டில் கால்வாசியை முடித்திருந்தேன்.

"எட்டு நாள்தான் பாக்கி," என்றார் அவர், யாரிடமோ.

பிறகு குப்பியை எடுத்து இழுப்பறையில் போட்டார். முழங்காலால் தள்ளி மூடினார்.

"கெளம்பு. கை கொடுக்காத."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டிலிருந்து கை கொடுக்காமல் வெளியே வந்தேன். திருடிவிட்டு வருவது போல இருந்தது.

மறுநாள் மதியம் முசியே பிதூ ஜெனீவாவிலிருந்து வந்தார். மெல்லிய நீலச் சட்டை, நல்ல பல். மீட்டிங் அறையில் எனக்குக் கை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. கொரின் விஷயத்தைச் சொன்னார், நான்கே வாக்கியத்தில்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"யாரு பாத்தது?"

"யானிக். நானு."

"அப்ப ரெண்டே பேரு."

"மூணாவது நீங்க, முசியே."

பிதூ ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. "கொரின், நீங்க இதத் தப்பாப் பாக்கறீங்க. நம்ம கடிகாரத்த வாங்கறது யாரு? அமைச்சருங்க. பேங்க் தலைவருங்க. கை குலுக்கறதுதான் அவங்களுக்கு வேலையே! நம்ம பரிசோதன ரொம்பச் சரியா நடந்துருக்கு."

"எடது கைல கட்டுவாங்க."

"வலதுல கட்டச் சொல்லுவோம். கையேட்டுல ஒரு வரி. அழகாப் போடலாம்."

கையேடு என் துறை என்பதால் பேசினேன். "ஒரு நாளைக்குக் கொறஞ்சது அம்பத்தெட்டு பேர்னு போடலாமா முசியே? காலையும் மாலையும்?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "எண்ணு வேண்டாம். 'சமூக வாழ்க்கை உள்ளவர்களுக்கு'ன்னு போடுவோம்." காகிதத்தை கொரின் பக்கம் தள்ளினார். அதன்மேல் பேனாவை வைத்தார். "பாக்கி எட்டு நாள் தேவையில்ல. இன்னைக்கே போடுங்க. ஏழு வருஷம் கொரின். போதும். வீட்டுக்குப் போங்க, தூங்குங்க."

தூங்குங்க என்ற சொல்லில் கொரினின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். போடுங்க மேடம் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். எனக்கும் சோபாவில் என் சொந்த விருப்பப்படி படுக்க வேண்டும் போல இருந்தது.

"ஒருத்தன் இத வாங்கறான்," என்றார் கொரின், பேனாவைப் பார்த்துக்கொண்டே. "ஏதோ ஒரு ஊரு, ஏதோ ஓட்டல். காய்ச்சல். மூணு நாளா படுத்துருக்கான். சமூக வாழ்க்கை ஒண்ணும் இல்ல. நாலாவது நாள் எந்திரிச்சுப் பாக்கறான். இப்ப காலையா சாயங்காலமான்னு தெரியல. அதுக்குத்தான அவன் இத வாங்கினான். பாக்கறான், நின்னுருக்கு. முசியே, அவன் ஒருத்தனுக்காகத்தான் நான் இத வரைஞ்சேன். அமைச்சருக்கு நேரம் சொல்ல ஆளு இருக்கு."

மூடியை மறுபடி மாட்டினார். முதல்நாள் வரை காலியாக இருந்த திங்கட்கிழமைக் கட்டத்தைக் காட்டினார். அதில் அவர் கையெழுத்தில் "நின்றது" என்று இருந்தது.

"என்னால முடியாது. திட்டத்த மூடிடுங்க."

நான் கொரினின் முகத்தைப் பார்த்தேன். அதில் துக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ரயில் நிலையத்தில், மணிக்கணக்காகத் தாமதமான வண்டி தூரத்தில் தெரிந்ததும் ஒருவர் முகம் மாறுமே, அதுபோல ஏதோ இருந்தது. ஜெயிக்கணும்னுகூட இல்ல, முடியணும் என்றவர். முடிவதற்கு இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

பிதூ எழுந்தார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே.

"இதுதான்," என்றார். "இதுதான் நம்ம கம்பெனி! நான் இருபது வருஷமா பிரசுரத்துல எழுதிட்டு இருக்கறது இதத்தான். நேர்ல இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மூடிடலாம் முசியே," என்றார் கொரின் அவசரமாக.

"மூடறதா? உங்கள மாதிரி ஒருத்தர வெச்சுக்கிட்டா?"

"செப்டம்பர் கடைசில கணக்க மூடணும்னு நீங்கதான..."

"அத நான் பாத்துக்கறேன். ரெண்டு வருஷம் தர்றேன். புதுசா, ஆரம்பத்துலேர்ந்து. ரெண்டு இன்ஜினியர் கூடுதலா." என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பியும் ரெண்டு வருஷத்துக்கு யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. எழுத்துல உத்தரவு போடறேன். அந்த ஓட்டல், காய்ச்சல், அத அப்படியே எழுதிக் கொடுங்க கொரின். அடுத்த வருஷக் கண்காட்சில சுவர் பூரா போடுவோம்."

கொரின் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் பிதூ அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார். வெகுநேரம் குலுக்கினார். ஒரு கடிகாரம் முழு முறுக்கு ஏறும் அளவுக்கு.

அவர் கார் போன பிறகு நாங்கள் பட்டறைக்குத் திரும்பினோம். மணி நான்கரை. எல்லோரும் கிளம்பும் நேரம், மேஜை மேஜையாகக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சில்வான் என்னிடம் கை நீட்டினான். நான் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்னடா, பெரிய ஆளாயிட்டியா?"

"உத்தரவுடா. ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா!" நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். பிறகு கோபமாகவே எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குப் பின்னால் வந்த நாலு பேரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாளைக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும், மெலான் வீட்டுப் பையன் திமிர் பிடித்துவிட்டான் என்று.

கொரின் வீட்டுக்குக் கிளம்பவில்லை. தன் வரைபலகையில் இருந்த பதினோராவது வடிவத்தைச் சுருட்டி, மற்ற பத்தோடு மூலையில் சாய்த்து வைத்தார். கணினி இருக்கிறது, ஆனால் முதல் கோட்டைக் கையால்தான் போடுவார்.

"எனக்கு அப்ப அம்பத்து மூணு ஆயிடும்," என்றார். "அந்தத் தங்க அரைவட்டம் பத்தாது. இன்னும் கனமா வேணும். கனம் வந்தா தடிமன் வரும். தடிமன் வந்தா உறையே மாறும். உறை மாறினா எல்லாமே மாறும்."

"காப்பி போடட்டுமா மேடம்?"

"வேணாம். முழிச்சுக்குவேன்."

வெள்ளைத் தாளை விரித்தார். மூலையில் பன்னிரண்டு என்று எழுதினார். காம்பஸை ஊன்றி வட்டத்தைத் தொடங்கினார். பாதியில் அவருக்குக் கொட்டாவி வந்தது, பெரிய கொட்டாவி. காம்பஸைத் தூக்காமல், ஊன்றியபடியே அது முடியும்வரை காத்திருந்தார். பிறகு மீதி வட்டத்தைப் போட்டார்.